நீலக் கூரைக்குள் இருந்த ஆலை: ஒரு பல்கலைக்கழகக் குழுவின் யோங்பியோன் பயணம்

2010 நவம்பர் 12 அன்று, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் வட கொரியாவின் யோங்பியோன் அணு வளாகத்துக்குள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். மூவரில் யாரும் அரசுப் பிரதிநிதி இல்லை. வெளியார் எவரும் அதுவரை பார்த்திராத ஒரு யுரேனியம் செறிவூட்டல் ஆலையை, அதாவது எளிதில் பிளக்கும் யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டும் ஆலையை, அவர்கள் அன்று பார்த்தார்கள். எட்டு நாள் கழித்து அதைப் பற்றிப் பகிரங்கமாக எழுதினார்கள்.

பாதுகாப்பு ஆய்வு செய்யும் பேராசிரியர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் சேர்ந்து என்ன செய்ய முடியும், எங்கே அவர்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க இந்தப் பயணம் நல்ல எடுத்துக்காட்டு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர் இங்கே தேவைப்படவில்லை. அவர்கள் வகித்த பொறுப்பைச் சொன்னாலே போதும்.

## பின்னணி

ஸ்டான்ஃபோர்டின் பன்னாட்டுப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு மையம் 1983இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவர் இயற்பியலாளர், மற்றவர் சீன அரசியலைப் படித்தவர். இரண்டு துறைக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் மையத்தின் அடிப்படை யோசனை. ஆயுதத்தின் தொழில்நுட்பம் தெரியாமல் அரசியல் பேசுவதும், எதிராளியின் அரசியல் தெரியாமல் கிலோகிராம் கணக்குப் போடுவதும் அரைகுறை வேலை என்று அவர்கள் நினைத்தார்கள்.

2010இல் போன மூவரும் இந்த யோசனையின் வார்ப்புகள்தான். ஒருவர் மையத்தை நிறுவிய அந்தச் சீன ஆய்வாளர். பல ஆண்டுகளாக பியோங்யாங்குடன் தனிப்பட்ட தொடர்பு வைத்திருந்தவர். இரண்டாமவர் புளூட்டோனிய உலோகவியலாளர். அமெரிக்காவின் முதல் அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு 1986 முதல் 1997 வரை இயக்குநராக இருந்தவர். மூன்றாமவர் முதலில் சி.ஐ.ஏ.யிலும் பிறகு வெளியுறவுத் துறையின் புலனாய்வுப் பிரிவிலும் வட கொரியாவைக் கவனித்து வந்த முன்னாள் அதிகாரி. 1990களில் அமெரிக்கா வட கொரியாவுடன் நடத்திய பேச்சுவார்த்தைகளில் இவரும் உட்கார்ந்திருந்தார்.

அரசு சாராதவர்கள் நடத்தும் இத்தகைய தொடர்பை இந்த வட்டாரத்தில் 'ட்ராக் டூ' என்பார்கள். அரசின் சார்பில் வாக்குறுதி தர அவர்களுக்கு அதிகாரம் கிடையாது, அதனால் அவர்களை உள்ளே விடுவதில் அழைப்பவருக்கும் பெரிய சங்கடம் இல்லை.

அரசியல் பின்புலத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1994இல் அமெரிக்காவுடன் செய்த உடன்பாட்டின்படி வட கொரியா, உலை எரிபொருளிலிருந்து குண்டுக்கான புளூட்டோனியம் எடுக்கும் வேலையை நிறுத்தி வைத்தது. பதிலுக்கு, மொத்தம் 2,000 மெகாவாட் திறனில் இரண்டு மென்னீர் உலைகள் (சாதாரண நீரைப் பயன்படுத்தும் மின் உலைகள்) கட்டித் தரப்பட வேண்டும். அந்த உலைகள் வரவேயில்லை. 2002 அக்டோபரில், வட கொரியா ரகசியமாக யுரேனியம் செறிவூட்டுகிறது என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. உடன்பாடு உடைந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2003 ஜனவரியில் வட கொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது.

## 2004: கண்ணாடி ஜாடி

2010ஐப் புரிந்துகொள்ள 2004 ஜனவரிப் பயணத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் குழுவைச் சேர்த்தது சீன ஆய்வாளர்தான். உலோகவியலாளரை அழைத்துக்கொண்டதும் அவரே. ஒரு முன்னாள் வெளியுறவுத் துறை அதிகாரியும், அமெரிக்க செனட் வெளியுறவுக் குழுவின் ஊழியர்கள் இருவரும் உடன் சென்றார்கள்.

யோங்பியோனில் சிறிய உலை ஓடிக்கொண்டிருந்தது. குளிர்கோபுரத்திலிருந்து நீராவி எழுந்ததைக் கண்ணால் பார்க்க முடிந்தது. உலையில் பயன்படுத்திய சுமார் 8,000 எரிபொருள் தண்டுகள் கிடந்த குளம் காலியாக இருந்தது. அவற்றிலிருந்துதான் புளூட்டோனியம் பிரிக்க முடியும். மூடியபடி இருந்த சில உறைகளுக்குள் தண்டுகள் இருக்கலாமே என்று உலோகவியலாளர் கேட்டார். சரி, நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். தேர்ந்தெடுத்ததைத் திறந்தபோது உள்ளே எதுவும் இல்லை.

அப்புறம் ஒரு கூட்ட அறையில், சிவப்பு உலோகப் பெட்டிக்குள் இருந்த மரப்பெட்டியைத் திறந்து இரண்டு கண்ணாடி ஜாடிகளை எடுத்து வைத்தார்கள். நம் வீட்டு ஊறுகாய் பாட்டில் அளவுதான் இருக்கும். ஒன்றில் பச்சை நிறத் தூள், இன்னொன்றில் சுமார் 200 கிராம் உலோகம். இது புளூட்டோனியம் என்றார்கள். உலோகவியலாளர் அடர்த்தியைக் கேட்டார். கன சென்டிமீட்டருக்கு 15க்கும் 16 கிராமுக்கும் நடுவில் என்றும், வேறு உலோகம் கலந்தது என்றும் பதில் வந்தது. தூய புளூட்டோனியம் இதைவிட அடர்த்தியானது. ஆயுதத்துக்கு ஏற்றபடி கலவையாக்கும்போதுதான் அடர்த்தி இந்த அளவுக்கு இறங்கும். கேள்வி கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் அது தெரியும். கையுறை போட்டு ஜாடியைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். அது கனமாகவும் லேசான சூடாகவும் இருந்தது.

அவர் அடுத்து நடந்துகொண்ட விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் அணுத் தடுப்பு வலிமையைப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா என்று அதிகாரிகள் கேட்டபோது, அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. புளூட்டோனிய உலோகம் செய்யத் தெரிய வேண்டும், குண்டை வடிவமைத்துச் செய்யத் தெரிய வேண்டும், அதை ஏவும் சாதனத்தில் பொருத்தத் தெரிய வேண்டும். இதில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நான் எதையும் பார்க்கவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை என்றார். ஜாடியில் இருந்தது புளூட்டோனியமே என்றாலும், அண்மையில் பிரித்தெடுத்ததுதானா என்பதை இவ்வளவை வைத்துச் சொல்ல முடியாது என்றும் விளக்கினார். ஜனவரி 21 அன்று செனட் குழுவின் முன்னும் இதையேதான் சொன்னார். குண்டு இருக்கிறது என்று கேட்க ஒரு பக்கமும் எல்லாம் வெற்று மிரட்டல் என்று கேட்க இன்னொரு பக்கமும் காத்திருந்த நேரம் அது. இருவருக்கும் அவர் சாட்சியம் முழுத் திருப்தி தந்திருக்காது.

அதே பயணத்தில் வட கொரிய வெளியுறவுத் துணை அமைச்சர் ஒன்று சொன்னார். எங்களிடம் யுரேனியம் செறிவூட்டும் திட்டம் இல்லை, கருவி இல்லை, அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லை என்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## நடுவில் வந்த அறிகுறிகள்

அடுத்த ஆண்டுகளில் உலோகவியலாளர் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்து மையத்தின் இணை இயக்குநரானார். வட கொரியாவுக்கு மறுபடி மறுபடி போய் வந்தார். 2006 அக்டோபரில் முதல் அணுச் சோதனை நடந்தது. 2007இலும் 2008இலும் பேச்சுவார்த்தையின் பலனாக யோங்பியோனின் பல பகுதிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. 2008 பிப்ரவரியில் எரிபொருள் தண்டு தயாரிக்கும் கட்டடத்துக்குள் போய் அந்த வேலைகளை உலோகவியலாளர் நேரில் பார்த்தார். 2009 ஏப்ரலில் எல்லாம் முறிந்தது. முகமையின் ஆய்வாளர்களும் அமெரிக்கக் கண்காணிப்பாளர்களும் அனுப்பி வைக்கப்பட்டார்கள். அடுத்த மாதமே இரண்டாவது சோதனை நடந்தது.

2009 ஜூனில், யுரேனியம் செறிவூட்டலைத் தொடங்கப் போவதாக வட கொரியாவே அறிவித்தது. செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்கு எழுதிய கடிதத்தில், சோதனைகள் வெற்றிகரமாக முடியும் கட்டத்தில் இருப்பதாகவும் சொன்னது. வெளியே பெரும்பாலோர் இதைப் பாதி வீறாப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். ஏதோ சில எந்திரங்கள் வைத்திருப்பார்கள், ஆய்வக அளவில் முயற்சி செய்வார்கள் என்பதுதான் பொதுவான மதிப்பீடு. உலோகவியலாளரும் அந்த எதிர்பார்ப்போடுதான் 2010இல் கிளம்பினார்.

## நவம்பர் 12: பார்த்தது

முதலில் ஒரு கட்டுமானக் குழியைக் காட்டினார்கள். 25 முதல் 30 மெகாவாட் மின்திறனில் சிறிய மென்னீர் உலை, 2012இல் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. வாக்களித்த உலைகள் வரவில்லை, அதனால் நாங்களே கட்டுகிறோம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். உலைக்கு எரிபொருள் வேண்டுமே, அதற்காகத்தான் செறிவூட்டல் என்று அடுத்த விளக்கமும் தயாராக இருந்தது. இதைப் பார்க்கும் முதல் ஆட்கள் நீங்கள்தான் என்றும் சொல்லி வைத்தார்கள்.

அப்புறம் நீலக் கூரை போட்ட நீண்ட கட்டடத்துக்கு அழைத்துப் போனார்கள். 2008இல் உலோகவியலாளர் நடந்து பார்த்த அதே எரிபொருள் தண்டுக் கட்டடம்தான். உள்ளே எல்லாம் மாறியிருந்தது. இரண்டாம் தளத்தின் நடுவிலிருந்து, கண்ணாடி வழியாக இருபுறமும் இரண்டு நீளமான கூடங்கள் தெரிந்தன. கீழே ஆளுயரத்தில், சுமார் 20 சென்டிமீட்டர் விட்டத்தில், ஒரே மாதிரியான உருளைகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் மூன்று மெல்லிய எஃகுக் குழாய்கள் வெளிவந்தன. சில எந்திரங்களை எதிர்பார்த்துப் போனவர் ஆயிரத்துக்கு மேல் நிற்பதைப் பார்த்தார். தான் கண்ட காட்சி திகைக்க வைத்தது என்று பின்னால் அறிக்கையிலேயே எழுதினார்.

கட்டுப்பாட்டு அறை இன்னொரு வியப்பு. யோங்பியோனின் பழைய உலையிலும் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையிலும் பழங்காலக் கருவிகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு, இங்கே தட்டைத் திரைகளும் கணினிகளும் ஒளிரும் பலகைகளும் வேறொரு நாட்டுக்குள் வந்துவிட்டது போன்ற உணர்வைத் தந்தன.

தலைமைப் பொறியாளர் விருப்பத்தோடு பேசவில்லை. பதில்களை ஒவ்வொன்றாக இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. கிடைத்தவை இவை: மொத்தம் 2,000 மையவிலக்கு எந்திரங்கள் (யுரேனிய வாயுவை வேகமாகச் சுழற்றிச் செறிவூட்டுபவை), ஆறு தொடர்களாக இணைக்கப்பட்டவை. ஆண்டுக்கு 8,000 பிரிப்பு வேலை அலகுகள் (செறிவூட்டும் திறனை அளக்கும் அலகு). சராசரி செறிவு 3.5 சதவீதம். எந்திரத்துக்குள் சுழலும் பாகமான சுழலியில் அலுமினியம் இல்லை, இரும்பு கலந்த உலோகம். கட்டுமானம் தொடங்கியது 2009 ஏப்ரலில். இயங்கத் தொடங்கியது சில நாட்களுக்கு முன். எல்லாமே உள்நாட்டுத் தயாரிப்பு.

கருவி வைத்து அளக்கவோ மாதிரி எடுக்கவோ வாய்ப்பில்லை. கண்ணும் காதும் மட்டுமே.

## எழுதுவதில் எடுத்த முடிவுகள்

ஊர் திரும்பியதும் குழுவுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பார்த்ததை வெள்ளை மாளிகைக்கு மட்டும் சொல்லிவிட்டு அமைதியாக இருக்கலாம், இல்லையென்றால் வெளியிடலாம். அவர்கள் இரண்டையும் வரிசைப்படி செய்தார்கள். முதலில் அரசுக்குத் தெரிவித்தார்கள். பிறகு நவம்பர் 20 அன்று உலோகவியலாளர் தன் அறிக்கையைப் பல்கலைக்கழக மையத்தின் வழியாக வெளியிட்டார். இந்த வரிசை சரியானது என்றே நினைக்கிறேன். முதலில் பத்திரிகைக்குப் போயிருந்தால் அரசு அவர்களை இன்னொரு முறை நம்பியிருக்காது. வெளியிடாமலே விட்டிருந்தால் பல்கலைக்கழகம் என்ற பெயருக்குப் பொருள் இல்லாமல் போயிருக்கும். ஈராக் போருக்கு முன் ரகசியத் தகவல் என்ற பெயரில் வந்தவை எப்படிப் பொய்யாகிப் போயின என்பதை அப்போது யாரும் மறந்திருக்கவில்லை. சக அறிஞர்கள் கேள்வி கேட்கக்கூடிய ஆவணம் ஒன்று தேவைப்பட்டது.

இரண்டாவது முடிவு, கண்டதையும் கேட்டதையும் ஊகித்ததையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுதுவது. வரிசையாக எந்திரங்கள் நின்றன என்பது கண்டது. 2,000 என்பதும் 8,000 அலகு என்பதும் கேட்டது. அவை உண்மையில் சுழன்றுகொண்டிருந்தனவா என்பதை உறுதி செய்ய முடியவில்லை, அதையும் அப்படியே எழுதினார்.

கேட்டதை ஓரளவு சரிபார்க்கவும் வழி இருந்தது. 8,000ஐ 2,000ஆல் வகுத்தால் எந்திரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 4 அலகு வருகிறது. அலுமினியச் சுழலி கொண்ட பழைய பாகிஸ்தானிய வகையால் இவ்வளவு தர முடியாது. உயர்வலிமை எஃகுச் சுழலி கொண்ட அடுத்த தலைமுறைக்கு இந்த எண் பொருந்துகிறது. இரும்பு கலந்த உலோகம் என்று பொறியாளர் முணுமுணுத்ததோடும் ஒத்துப்போகிறது. ஆக, சொன்னது மெய்யாக இருக்க வாய்ப்பு உண்டு என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

ஊகம் என்ற தலைப்பில் வந்ததுதான் அறிக்கையின் கனமான பகுதி. 2009 ஏப்ரல் வரை வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் அந்த வளாகத்தில் நடமாடியிருக்கிறார்கள். வெறும் 19 மாதத்தில் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து இந்த ஆலையை எழுப்ப முடியாது. அப்படியென்றால் வேறெங்கோ ஓரிடத்தில் ஏற்கெனவே செய்து பழகியிருக்க வேண்டும். 2004இல் துணை அமைச்சர் 'ஆளே இல்லை' என்றாரே, அந்தக் கூற்று இங்கே சரிந்து விழுந்தது.

இந்த ஆலை சொன்னபடி ஓடினால் ஆண்டுக்குச் சுமார் இரண்டு டன் குறைசெறிவு யுரேனியம் கிடைக்கும். குழாய் இணைப்புகளை மாற்றி ஆயுதத் தரத்துக்குத் திருப்பினால் 40 கிலோ வரை உயர்செறிவு யுரேனியம். ஒரு குண்டுக்குப் போதுமான அளவு என்று முகமை வைத்திருக்கும் கணக்கு 25 கிலோ. மின்சாரத்துக்கான 3.5 சதவீதத்தை எட்டும்போதே, ஆயுதத் தரத்துக்கான உழைப்பில் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் சங்கடம்.

மூன்றாவது முடிவு, அறிக்கையின் கடைசியில் கொள்கை ஆலோசனையையும் சேர்த்தது. ராணுவத் தாக்குதல் பேச்சுக்கே இடமில்லாதது, தடைகளை இறுக்குவதாலும் பயனில்லை, பேசுவதுதான் மிச்சமிருக்கும் வழி என்று எழுதினார். குண்டுகள் கூடக்கூடாது, அவை மேம்படக்கூடாது, வெளியே விற்கப்படக்கூடாது என்ற மூன்றை உடனடி இலக்காக வைக்கலாம் என்பது அவர் நிலைப்பாடு.

## பிறகு நடந்தது

அமெரிக்க அரசு தன் சிறப்புத் தூதரை உடனே சியோல், டோக்கியோ, பெய்ஜிங் என்று அனுப்பியது. ஆனால் அறிக்கை வெளியான மூன்றாம் நாள், நவம்பர் 23 அன்று, தென் கொரியாவின் யோன்பியோங் தீவை வட கொரியா பீரங்கியால் தாக்கியது. வீரர்கள் இருவரும் குடிமக்கள் இருவரும் இறந்தார்கள். மார்ச்சில் தென் கொரியப் போர்க்கப்பல் மூழ்கி 46 மாலுமிகள் இறந்த கோபம் ஆறாத ஆண்டு அது. பேசலாம் என்ற ஆலோசனையைக் கேட்க யாருக்கும் மனம் இல்லை.

2012 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவுக்கும் வட கொரியாவுக்கும் இடையே ஓர் உடன்பாடு வந்தது. யோங்பியோன் செறிவூட்டலை நிறுத்தி வைப்பதும் அதில் அடக்கம். ஏப்ரலில் வட கொரியா செயற்கைக்கோள் ஏவ முயன்றதும் அது செத்தது. 2013இல் எடுத்த விண்வெளிப் படங்களில் நீலக் கூரைக் கட்டடம் இரு மடங்கானது தெரிந்தது. மென்னீர் உலை 2012இல் முடியவில்லை; அங்கிருந்து சூடான நீர் வெளியேறுவதாக 2023 இறுதியில்தான் முகமை தெரிவித்தது.

வேறெங்கோ ஓர் ஆலை என்ற ஊகம் அதற்கு முன்பே அரசியல் மேசைக்கு வந்துவிட்டது. 2019 ஹனோய் உச்சி மாநாட்டில் யோங்பியோனை மூட வட கொரியா முன்வந்தபோது, அதற்கு வெளியே உள்ள செறிவூட்டல் இடத்தையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. பேச்சு முறிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2010 நவம்பர் பயணமே உலோகவியலாளரின் ஏழாவதும் கடைசியுமான வட கொரியப் பயணம். 2024 செப்டம்பரில் வட கொரியா தானே ஒரு செறிவூட்டல் ஆலையின் படங்களை வெளியிட்டது. அப்போது படம் பிடிக்க உள்ளே இருந்தவர்கள் அவர்களுடைய ஆட்கள்தான்.

## மாற்ற வேண்டியவை

காட்ட வேண்டியதை மட்டும் காட்டி, உங்களை விளம்பரப் பலகையாக்கிவிட்டார்கள் என்ற விமர்சனம் இத்தகைய பயணங்களின் மேல் எப்போதும் உண்டு. பாதி உண்மை. அழைத்தவர்கள் காரணத்தோடுதான் அழைத்தார்கள். ஆனால் கட்டடத்துக்குள் போனவருக்கு 2008இல் அது எப்படி இருந்தது என்பது தெரிந்திருந்தது. அந்த ஒப்பீடுதான் 19 மாதக் கணக்கைத் தந்தது. அழைத்தவர்கள் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அனுப்புவதன் பயன் இது, இதை மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியது குழுவின் அமைப்பு. 2009 ஜூன், செப்டம்பர் அறிவிப்புகளை அப்படியே நம்பாவிட்டாலும், செறிவூட்டலைக் காட்டக்கூடும் என்று கணக்கில் எடுத்திருக்கலாம். புளூட்டோனியத்தில் கரைகண்டவரோடு மையவிலக்கு எந்திரத்தில் வேலை பார்த்த ஒரு பொறியாளரும் நின்றிருந்தால், அந்தக் குறுகிய நேரத்தில் வேறு கேள்விகள் போயிருக்கும்: எந்திரங்களின் நடுவே உள்ள இடைவெளி, குழாய்ப் பொருத்தம், சத்தம், அதிர்வு.

தொழில்நுட்ப அறிக்கையையும் கொள்கை ஆலோசனையையும் ஒரே ஆவணத்தில் வைத்ததும் தேவையில்லாதது. பேச்சுவார்த்தை வேண்டாம் என்பவர்கள் முதல் பகுதியையும் சந்தேகத்தோடு படிக்க அது இடம் கொடுத்தது. இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டாவதைத் தனியாக எழுதியிருந்தால், தீவுத் தாக்குதலின் புகைக்குள் அது காணாமல் போயும் இருக்காது.

கடைசியாக, தொடர்ச்சி. பியோங்யாங்கின் கதவைத் திறந்தது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, சீன ஆய்வாளர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த நம்பிக்கை. அவர் 2017இல் இறந்தார். அடுத்த ஆண்டு மற்ற இருவரும் மையத்தின் இளம் ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து வட கொரிய அணுத் திட்டத்தின் விரிவான காலவரிசையைத் தொகுத்தார்கள். அது நல்ல வேலை. ஆனால் மேசையில் உட்கார்ந்து படிப்பவருக்கு, பதில் சொல்லத் தயங்கும் பொறியாளரின் எதிரே நிற்கும் பழக்கம் வராது. ஏழு பயணங்களில் சிலவற்றிலாவது முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு ஓர் இருக்கையைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அழைத்தவர்கள் மறுத்திருந்தால், மறுத்தார்கள் என்பதையும் அறிக்கையில் எழுதியிருக்கலாம்.